கம்பியின் உயரம்

எங்கள் கூட்டத்தில் அவனுக்குச் சுருதி என்று பெயர். நன்றாகப் பாடுவான் என்பதால் வைத்தது அல்ல. கிட்டாரை மடியில் எடுத்தால் முதல் அரை மணி நேரம் சுருதி சேர்ப்பான். சேர்த்த பின் ஏதாவது ஒரு பாட்டில் முதல் நாலு வரி வாசிப்பான். உடனே முகம் சுளித்து, "மூணாவது கம்பி மயிரிழை இறங்கிடுச்சு" என்று மறுபடி முறுக்காணியைப் பிடித்துவிடுவான். பதினான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் என் வீட்டு மாடி அறையில் சேர்ந்து வாசித்தோம். அவன் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்து நான் கேட்டதில்லை.

மூன்று பேர்தான் நாங்கள். நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன், அதனால் வாத்தி. டிரம்ஸ் அடிப்பவர் பல் டாக்டர். சுருதி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தவன். முன்னறையில் குளிர்சாதனமும் ஆளுயரக் கண்ணாடிகளும் இருக்கும். பின்னறையில் ஒரு மேஜை, ஒரு குழல்விளக்கு, தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸைத் தேய்க்கும் இயந்திரம், தட்டு நிறைய எள்ளளவு திருகாணிகள். யார் எந்த ஃப்ரேமைக் கொண்டுவந்தாலும் லென்ஸை அதன் வடிவத்துக்குத் தேய்த்து, சந்து தெரியாமல் உட்கார வைத்துவிடுவான். "அவன் கை பட்டா கண்ணாடி தானா போய் உக்காந்துக்கும்" என்று கடை முதலாளி வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார்.

எலக்ட்ரிக் கிட்டாரைப் பொழுதுபோக்குக்கு வாசிப்பவர்களிடம் ஒரு குணம் உண்டு. வாசிக்க உட்கார்ந்தால், இன்னும் எதை வாங்கினால் நன்றாக வாசிக்கலாம் என்ற யோசனை வந்துவிடும். நாங்கள் அதை நமைச்சல் என்போம். எனக்கும் உண்டு, பல் டாக்டருக்கும் உண்டு. சுருதிக்குச் சொறிந்து தீராத நமைச்சல். வீட்டுக் கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் ஆறு கிட்டார்கள் வரிசையாக நிற்கும். காலால் அழுத்தி ஒலியை மாற்றும் பெடல்கள் மட்டும் பதினொன்று, செருப்பு அலமாரியின் மேல்தட்டில். எதிரொலி வர ஒன்று, கரகரக்க ஒன்று, கரகரப்பில் கொஞ்சம் வெண்ணெய் தடவியது போல இருக்க ஒன்று.

அவன் மனைவி தபால் அலுவலகத்தில் கவுன்ட்டரில் இருந்தாள். என்னை அண்ணா என்பாள். எப்போது போனாலும் ஒரு புகார் தயாராக இருக்கும்.

"கல்யாண நாளுக்குக் கழுத்துக்கு ஏதாவது வாங்கித் தாங்கன்னு கேட்டேண்ணா. மறுவாரம் நீளமா ஒரு பெட்டி வந்துது. பிரிச்சுப் பாத்தா உள்ள கழுத்துதான் இருக்கு! கிட்டாருக்குக் கழுத்து!"

"ரோஸ்வுட் கழுத்து" என்றான் அவன், திருத்துவதுபோல.

"ஆறு கிட்டார் இருக்கு இந்த வீட்டுல. ஒரு பாட்டு இல்ல."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அது உண்மை. அவளுக்கு ஒரு பாட்டு வாசித்துக் காட்டுவதாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் ஏதாவது குறுக்கே வந்துவிடும். பெரும்பாலும் ஆக்‌ஷன்.

ஆக்‌ஷன் என்பது கம்பிக்கும் அதன் கீழே உள்ள கழுத்துப் பலகைக்கும் நடுவில் இருக்கும் உயரம். கூடினால் அழுத்தும் விரல் நோகும். குறைந்தால் கம்பி பலகையில் பதித்த உலோகப் பட்டைகளில் உரசி ஙொய்யென்று இரையும். நாங்கள் கண்மட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். சுருதி கடையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டுவந்து, எஃகு அளவுகோலை வைத்து, ஒன்றே முக்கால் மில்லிமீட்டரா ஒன்று புள்ளி எட்டா என்று பார்ப்பான். மழை பெய்தால் மரம் ஊதிவிட்டதா என்று அளப்பான். வெயில் அடித்தால் சுருங்கிவிட்டதா என்று அளப்பான். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கும் தாய்கூட அத்தனை தடவை தொட்டுப் பார்க்கமாட்டாள்.

ஆகவே, அவனுக்கு நாற்பத்தெட்டு நடந்த வருடம், "வாத்தி, இந்தச் சிவப்புக் கிட்டார்ல கம்பியெல்லாம் கல்லு மாதிரி இருக்குடா" என்று அவன் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிட்டாரில் ஒரு பிடி உண்டு. இடதுகை ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகள் மேலும் படுக்க வைத்து அழுத்த வேண்டும். அது அவனுக்கு விழவில்லை. அழுத்தினால் இரண்டு கம்பிதான் பேசின, மற்றவை செத்த சத்தம் போட்டன.

"ஈரக் காத்து. கழுத்து வளைஞ்சிருக்கும். சரி பண்ணு" என்றேன்.

சரி பண்ணினான். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கால் திருகு முறுக்கினான். உயரத்தை ஒன்றரைக்கு இறக்கினான். அடுத்த மாதம் கம்பிகளையே மாற்றி மெல்லியதாகப் போட்டான். அதற்கடுத்து அதைவிட மெல்லியது, தலைமுடி போல. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் முகம் தெளிந்திருக்கும். பிறகு மறுபடியும், "என்னமோ சரியில்ல வாத்தி."

சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் கிட்டார் ரிப்பேர் செய்யும் ஒருவர் இருந்தார். பசை நாற்றமும் மரத்தூளுமாக ஒற்றை அறை. அதிகம் பேசமாட்டார். ஒரு சனிக்கிழமை மாலை நானும் சுருதியும் சிவப்புக் கிட்டாரை அவரிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் நீளத்தைப் பார்த்தார். மடியில் வைத்து மேலிருந்து கீழ்வரை எல்லாப் பிடிகளையும் பிடித்து வாசித்தார். சுத்தமாகப் பேசியது.

"இதுக்கு மேல இறக்கினா கம்பி பலகையிலேயே படுத்துக்கும் சார்" என்றார்.

"ஆனா அழுத்த முடியலையே?"

அவர் சுருதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கிட்டார்ல குறை ஒண்ணும் இல்ல சார்" என்று மட்டும் சொன்னார்.

படி இறங்கும்போது அவன் முகம் வாடியிருந்தது. தேற்றுவதாக நினைத்து நான் கிண்டல் செய்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒழுங்கா உக்காந்து பழகுடா, எல்லாம் வரும்."

அவனும் சிரித்துவிட்டான். கிட்டார்ப் பையை வலது கையில் தூக்கியிருந்தான், இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டிருந்தான். இதெல்லாம் பின்னால் யோசித்தபோது ஞாபகம் வந்தவை. அன்று எனக்கு வேறு நினைப்பு. எனக்கும் அப்போது நமைச்சல். புதிதாக ஒரு கிட்டாரின் மேல் கண் வைத்திருந்தேன், வீட்டில் இருந்த ஒன்று போனால்தான் அது வரும். என்னிடம் இருந்தது கழுத்து குட்டையான கிட்டார், கம்பிகள் தளர்வாக இருக்கும்.

"என்னோட குட்டைக் கழுத்த எடுத்துக்கோ. உன் கைக்கு அதுதான் சரி. பஞ்சு மாதிரி இருக்கும்" என்றேன்.

மறுநாளே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனான். நான் நல்லது செய்ததாகவே நினைத்தேன்.

கண்ணாடிக் கடையில் அதற்குள் அவன் கையிலிருந்து திருகாணிகள் விழ ஆரம்பித்திருந்தன. ஃப்ரேமை இடது கையில் பிடித்து வலது கையால் திருகும்போது ஃப்ரேம் நழுவும். அவன் காந்தம் ஏற்றிய திருப்புளி ஒன்றும், மேஜையில் பொருத்துகிற ஒரு பிடிகருவியும் வாங்கினான். இரண்டு லென்ஸ் விளிம்பு உடைந்தன. இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று முதலாளியிடம் சொன்னான். வீட்டில் வாசல் பூட்டு இறுகிப்போயிற்று என்று எண்ணெய் விட்டான். ஒரு வாரம் கழித்து மறுபடி விட்டான். மூன்றாவது முறை எண்ணெய் வழிந்து கதவில் கோடு போட்டிருந்ததை அலுவலகத்திலிருந்து வந்த அவன் மனைவி பார்த்தாள். சாவியை வாங்கிப் போட்டாள். பூட்டு சத்தமே இல்லாமல் திறந்தது.

அவள் பூட்டினாள், திறந்தாள். பிறகு சாவியை அவன் இடது கையில் வைத்து, "இந்தக் கையால திறங்க" என்றாள்.

வழக்கமாக வலது கையில் பை இருக்கும் என்பதால் அவன் இடது கையால்தான் பூட்டைத் திறப்பான். சாவியைச் செருகினான். திருப்ப முடியவில்லை. "பாத்தியா, இறுக்கமா இருக்கு" என்றானாம்.

மறுநாள் அவள் எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, இவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். நான் கூப்பிட்டா தூசாக்கூட மதிக்க மாட்டார். நீங்க வாங்க."

நரம்பு மருத்துவர் ஐம்பது வயது தாண்டிய பெண்மணி. பரபரப்பில்லாமல் பேசினார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அதை வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இழுத்தார், தாள் கிழிந்தது. இன்னொரு தாளை இடது கையில் கொடுத்தார். இழுத்தார். மேஜைமேல் கிடந்ததை எடுத்ததுபோல் வந்துவிட்டது.

அந்தக் கையைத் திருப்பி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே சதை மேடாக இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டார். அங்கே குழி இருந்தது.

"இது எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"எது டாக்டர்?" என்றான் சுருதி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கையைத்தான் பதினான்கு வருடம் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எந்த விரல் எந்தக் கம்பியில் என்று பார்த்தேனே தவிர, கையைப் பார்த்ததில்லை.

ஊசி குத்தி நரம்புகளைச் சோதித்தார்கள். ரத்தம், கழுத்தெலும்பு எல்லாம் பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்து அதே அறையில் அந்த மருத்துவர் சொன்னார்: தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அவிந்துபோகும் நோய். ஒரு கையில் தொடங்கியிருக்கிறது, அங்கேயே நிற்காது. மெதுவாக்க மாத்திரை உண்டு. குணமாக்க எதுவும் இல்லை.

அவன் மனைவி கைப்பையின் பட்டையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "வலது கை எவ்வளவு நாள் இருக்கும் டாக்டர்?"

"சொல்ல முடியாது. சிலருக்கு ஒரு வருஷம், சிலருக்கு அதுக்கு மேலயும்."

பல் டாக்டரிடம் நான்தான் சொன்னேன். அவர் தன் மருத்துவமனை நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானும் டாக்டர்னு போர்டு மாட்டியிருக்கேன். ஒவ்வொரு வாரமும் எதிர்லதான உக்காந்திருந்தேன்" என்றார். அவருக்காவது பல்லைத் தவிர எதற்கும் பொறுப்பில்லை. ஒன்றரை வருடம் கம்பியை மாற்று, கழுத்தை முறுக்கு, இதை வாங்கு, அதை வாங்கு என்று யோசனை சொன்னது நான். போதாததற்கு என் கிட்டாரையும் அவன் தலையில் கட்டினேன்.

காசைக் கொடுத்துவிட்டு அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் போனேன். சுற்றி வளைத்துப் பேச்சை எடுத்தேன்.

அவன் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டான். "ஏன் வாத்தி, அதுல என்ன குறை? நல்ல கிட்டாராச்சே."

நான் வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

வேலையை விட்டுவிட்டான். முதலாளி நல்ல மனிதர், முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனித்துக்கொள் என்றார். இரண்டு மாதம் போனான். பின்னறையில் வேறொருவர் இயந்திரம் ஓட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம். லென்ஸ் கல்லில் படும் சத்தத்தை வைத்தே அழுத்தம் அதிகமா குறைவா என்று தெரியும் அவனுக்கு. "எந்திரிச்சுப் போய்ச் சொல்லணும்னு உடம்பு துடிக்குது. போய் என்ன செய்ய?" என்று நின்றுவிட்டான்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மாதத்தில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சிவப்புக் கிட்டாரை எடுத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு, சைக்கிள் கடை மாடிக்குப் போனான். அங்கே அவன் சொன்னதைக் கேட்டு ரிப்பேர்க்காரர் முதல்முறையாகப் புருவம் தூக்கினார்.

"கம்பிய ஏத்துங்க. ஒரு சென்டிமீட்டர்."

"ஒரு சென்டிமீட்டரா?"

"ஆமா. மடியில படுக்கப் போட்டு வாசிக்கப்போறேன். விரலால அழுத்தவே போறதில்ல. இரும்புக் கட்டைய வெச்சு இழுக்கப்போறேன். கம்பியும் நல்ல தடியா போடுங்க."

அவர் கம்பிகளைக் கழற்றும்போது சுருதியின் கையைப் பார்த்தார். "அன்னிக்கே எனக்கு என்னமோ தோணிச்சு சார். சொல்லத் தெரியல" என்றார். வேலைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இப்படி வாசிக்க முஷ்டி மூடினால் போதும். உருளை வடிவ இரும்புக் கட்டையை இடது கையில் பிடித்துக் கம்பிகள் மேல் நகர்த்த வேண்டும். வலது கட்டைவிரலால் மீட்ட வேண்டும். முஷ்டியும் தளரத் தொடங்கியபோது அவன் மனைவி பழைய பாவாடை எலாஸ்டிக்கை வெட்டி, கட்டையைக் கையோடு சேர்த்துக் கட்டும்படி ஒரு பட்டை தைத்துக் கொடுத்தாள்.

அப்படித்தான் அவன் வாசித்தான். அவள் தபால் அலுவலகத்திலிருந்து ஐந்தரைக்கு வருவாள். முகம் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்காருவாள். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகள் விடுமுறைக்கு வந்திருந்தால் அவளும் உட்காருவாள். அவனுக்குத் தெரிந்த மெதுவான பாட்டுகள் ஏழெட்டு. ஒன்றை எடுத்தால் முடிக்காமல் விடமாட்டான். நடுவில் கட்டை வழுக்கி ஸ்வரம் இடம் தவறும், சில சமயம் அரை ஸ்வரம்கூடக் கீழே போய்விடும். முன்பென்றால் அந்தச் சத்தத்துக்கு அவன் ஊரையே கூட்டியிருப்பான். இப்போது நிறுத்தமாட்டான். தப்பு தப்பாகவே போய் முடிவைத் தொடுவான்.

எட்டு மாதம் வாசித்தான். ஞாயிற்றுக்கிழமை நாங்களும் போவோம். பல் டாக்டர் டிரம்ஸைத் தூக்க முடியாமல், பழைய பிஸ்கட் டின் ஒன்றை மடியில் வைத்துத் தட்டுவார். அழுகையும் சிரிப்புமாக அந்த எட்டு மாதம் போயிற்று.

இதைக் கேட்டு அவனுக்கு ஆசை எல்லாம் அற்றுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கால்கள் தளர்ந்து சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும், போனை நாற்காலிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு விரல் முட்டியால் தள்ளித் தள்ளிப் பெடல்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் நான் அங்கே இருந்தபோதே பெட்டி ஒன்று வந்தது. பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல ஒலிக்க வைக்கும் பெடல். அதே வாரம்தான் அவன் வலது கட்டைவிரல் மீட்டுவதை நிறுத்தியிருந்தது.

அவள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இத எதுக்குங்க வாங்கினீங்க?"

"ஆஃபர் போட்டிருந்தான்" என்றான். அதற்குள் அவன் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது.

அவள் கோபப்பட வாய் திறந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது.

நோய் தெரிந்து இரண்டே கால் வருடத்தில், ஒரு புதன்கிழமை முற்பகல், மூச்சு விடும் தசைகளும் கைவிட்டபோது போய்விட்டான். ஐம்பத்திரண்டு முடியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் நதிகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தகவல் வந்ததும் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே தெருவுக்கு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மகள் வேலை பார்க்கும் ஊருக்குப் பக்கம் என்று கேட்டு வாங்கியிருந்தாள். சிறிய வீடு, சாமான்களைக் குறைக்க வேண்டும், வந்து உதவுங்கள் அண்ணா என்றாள். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கிட்டார்களைத் துடைத்து, படம் எடுத்து, விலைக்கு எடுத்துக்கொள்வார்களா என்று தெரிந்தவர்களுக்கு அனுப்பினோம். பெடல்களைப் பல் டாக்டர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். அவர் கிட்டார் வாசிப்பவர் அல்ல. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

குட்டைக் கழுத்துக் கிட்டார் கடைசியில் மிஞ்சியது. அதைத் துடைக்கும்போது எனக்குக் கை ஓடவில்லை. இரண்டு வருடமாக உள்ளே கிடந்ததை அன்று சொல்லிவிட்டேன்.

"நான் கிட்டாரையே குறை சொல்லிட்டிருந்தேன்மா. அன்னிக்கே கையப் பாருடான்னு சொல்லியிருந்தா ஒரு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். இத வேற அவன்கிட்ட வித்தேன்."

அவள் பழைய செய்தித்தாளில் எதையோ சுற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நானும் டாக்டர்கிட்ட அதையேதான் கேட்டேண்ணா. முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா ஏதாவது ஆகியிருக்குமான்னு. பெருசா ஒண்ணும் மாறியிருக்காதுன்னாங்க." அடுத்த தாளை எடுத்துக்கொண்டே சொன்னாள். "தெரிஞ்சிருந்தா ஒரு வருஷம் முன்னாடியே அழ ஆரம்பிச்சிருப்போம். அந்த ஒரு வருஷம் அவர் கம்பி மாத்துறேன், கழுத்து மாத்துறேன்னு சந்தோஷமாத்தான இருந்தார். நீங்களும் கூட இருந்தீங்க."

அவள் என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று தெரியும். இருந்தாலும் அந்தக் கிட்டாரை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மறுவாரம் மகள் வந்து அதைப் பையோடு மற்ற சாமான்களுடன் வண்டியில் ஏற்றினாள். தெருமுனை வரை கூடவே நடந்து போய், வண்டி திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.